உள்ளே ஓட்டையில்லாத கன்மெற்றல் கட்டி வார்ப்பது எப்படி? சிறு பட்டறைக்கான முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் கொட்பே, திருக்கடலூர், கிண்ணியா பக்கத்துப் படகுகளுக்குச் சாஃப்ட் புஷ் (புரொப்பெலர்த் தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) கடையும் பட்டறைக்காரருக்கு ஒரே தலைவலிதான். வாங்கிய அல்லது வார்த்த கட்டியின் வெளித்தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். லேத்தில் ஏற்றி நடுவைக் குடைந்ததும் உள்ளே ஓட்டை தெரியும். அரை நாள் வேலையும் பத்துக் கிலோ உலோகமும் வீண்.

இந்த வழிகாட்டி 75 மி.மீ. விட்டமும் 250 மி.மீ. நீளமும் உள்ள உருளைக் கட்டிக்கானது. உலோகம் கன்மெற்றல், அதாவது நூற்றில் செம்பு 85, வெள்ளீயம் 5, ஈயம் 5, நாகம் (துத்தநாகம்) 5 என்ற கலவை. புதிதாக வார்க்கத் தொடங்குபவர்கள் ஊற்றும் நேரத்தில்தான் கவனத்தைக் குவிக்கிறார்கள். ஓட்டையில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த ஓட்டை என்று முதலில் பிரித்தறியுங்கள்

பழுதான பழைய கட்டி ஒன்று கிடந்தால் நடுவில் அறுத்துப் பாருங்கள். மூன்று வகை தெரியும்.

உருண்டையாக, உட்சுவர் வழவழப்பாக இருந்தால் வாயுத்துளை. உருகிய உலோகம் ஐதரசனை நிறையக் கரைத்து வைத்திருக்கும், உறைந்த உலோகத்துக்கு அவ்வளவு இடமில்லை. உறையும்போது வெளியே தள்ளப்படும் வாயு போக வழியில்லாமல் குமிழாக நின்றுவிடுகிறது.

ஓரங்கள் பிசிறு பிசிறாக, தேன்கூடு மாதிரி சொரசொரப்பாக இருந்தால் சுருக்கக்குழி. உலோகம் உறையும்போது கன அளவில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து திரவ உலோகம் வரவேண்டும். வராவிட்டால் வெற்றிடம்தான்.

கறுப்பு அல்லது மண்ணிறப் படலமாக, மடிப்பு மடிப்பாக இருந்தால் கசடு. சரியாக வழிக்காமல் ஊற்றியதால் அல்லது உயரத்திலிருந்து ஊற்றியதால் வந்தது.

கன்மெற்றலில் முதல் இரண்டும் சேர்ந்தே வரும். இந்தக் கலவை ஏறக்குறைய 1010 பாகை செல்சியசில் உறையத் தொடங்கி 855 பாகையில்தான் முழுதாக உறைகிறது. இடைப்பட்ட 150 பாகை நெடுகிலும் அது பாதி திரவம், பாதி திண்மம். குறைந்த காபன் உருக்குக்கு இந்த இடைவெளி மிகக் குறுகியது. அதனால் உருக்குக் கட்டியில் சுருக்கம் பெரும்பாலும் தலைப்பக்கம் ஒரே குழியாகக் கூடும், தலையை வெட்டினால் போச்சு. கன்மெற்றலில் அது உடம்பெங்கும் பொடிப்பொடியாகச் சிதறும். இதற்கு வெட்டி எறிகிற வைத்தியம் கிடையாது.

2. பழைய உலோகத்தைப் பிரித்தல்

இங்கே கிடைக்கிற பழைய சாமானில் புரொப்பெலர் துண்டுகளும் கப்பல் குழாய்களும் அதிகம். அதுதான் ஆபத்து. புரொப்பெலர்களை அலுமினியம் கலந்த வெண்கலத்திலோ உறுதிப்பித்தளையிலோ வார்க்கிறார்கள். கப்பல் குளிர்விப்பான் குழாய்களிலும் அலுமினியப் பித்தளை உண்டு. ஈயம் கலந்த கன்மெற்றலுக்குள் அலுமினியம் நூற்றில் ஒரு பங்கின் நூறில் ஒன்று வந்தாலே போதும், படலம் விழுந்து கட்டி நீர் கசியும். ஒரு கைப்பிடிப் புரொப்பெலர்த் துண்டு ஒரு மூசை (உருக்கும் பாத்திரம்) உலோகத்தைக் கெடுத்துவிடும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கடலில் கிடந்த சாமானுக்கு எல்லாம் ஒரே பச்சைதான். அரத்தால் உராய்ந்து பாருங்கள். கன்மெற்றல் சிவப்புக் கலந்த மண்ணிறம், அலுமினிய வெண்கலம் பொன் மஞ்சள்.

சந்தேகம் வந்தால் நீரில் நிறுங்கள். 10 கிராம் வரை காட்டும் தொங்கு தராசும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். துண்டை நூலில் கட்டி முதலில் காற்றில் நிறுங்கள், பிறகு வாளியின் அடியைத் தொடாமல் முழுதாக மூழ்கவிட்டு நிறுங்கள். காற்றில் வந்த நிறையை, நீரில் குறைந்த நிறையால் வகுங்கள். காற்றில் 2.20 கிலோ, நீரில் 1.95 கிலோ என்றால் குறைந்தது 0.25, வகுத்தால் 8.8. அது கன்மெற்றல். அலுமினிய வெண்கலத்துக்கு 7.6 பக்கம் வரும். உறுதிப்பித்தளை 8.2, 8.3 என்று நிற்கும். இந்தத் தராசைக் கழுவித் துடைத்து வையுங்கள், கடைசியில் மறுபடி வேண்டும்.

லேத் சீவலைப் போடலாம், ஆனால் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். முதலில் காந்தத்தால் இரும்புச் சீவலை எடுங்கள். பிறகு தகரத் தட்டில் போட்டு, புகை அடங்கும்வரை சூடாக்குங்கள். சீவலில் ஒட்டியுள்ள எண்ணெய் முழுக்க ஐதரசன்.

3. உலர்த்துதல்

என்னைக் கேட்டால் முழு வேலையில் பாதி இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் திருகோணமலையில் சுவரே வியர்க்கும். வறண்ட கச்சான் காற்று வீசுகிற காலத்தில் ஓட்டையில்லாமல் வந்த அதே கட்டி, மாரியில் துளை துளையாக வரும். உலோகத்தைக் குறை சொல்வார்கள். குறை ஈரத்தில்.

மூசை: களிமண்ணும் கிறஃபைற்றும் கலந்த மூசை ஈரத்தை உறிஞ்சும். வெறும் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகையில், உலைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெறும் மூசையை மெதுவாகச் சிவக்கும்வரை சூடாக்கிய பிறகே உலோகம் போடுங்கள். ஈர மூசையை வேகமாகச் சூடாக்கினால் வெடிப்பு விழும்.

உலோகம்: போடப்போகும் துண்டுகளை உலையின் வாயருகே அடுக்கி, கையால் தொடமுடியாத சூடு வரும்வரை வையுங்கள். குழாய் மாதிரி இரண்டு பக்கமும் மூடிய துண்டு இருந்தால் வெட்டித் திறந்துவிடுங்கள். உள்ளே சிறிது கடல்நீர் இருந்தாலும் மூசைக்குள் அது குண்டுதான்.

கருவிகள்: கசடு வழிக்கும் கரண்டி, வெப்பமானிக் கம்பி, நாகத்தை அமுக்கும் குறடு, எல்லாவற்றையும் சூடுகாட்டிய பிறகே உள்ளே விடுங்கள். புதியவர்கள் மறப்பது பெரும்பாலும் இந்தக் கரண்டியைத்தான்.

எரிபொருள்: கழிவு எஞ்சின் ஒயில் எரிப்பவர்கள் பீப்பாயை இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.

சிரட்டைக்கரியால் மேலே மூடும் பழக்கம் சிலருக்கு உண்டு. கரி ஈரத்தைப் பிடிப்பதில் பஞ்சு. போட்டே ஆகவேண்டுமென்றால் செந்தணலாக்கிப் போடுங்கள். நான் போடுவதில்லை, காரணம் 6ஆம் பகுதியில்.

4. அச்சும் தலையும்

கட்டிக்கு மண் அச்சை விட இரும்பு அச்சு நல்லது. இரும்பு வெப்பத்தை வேகமாக இழுக்கும். பாதி திரவமாக நிற்கும் நேரம் குறையும், பொடி ஓட்டையும் குறையும்.

வார்ப்பிரும்பில் சுவர் 25 மி.மீ. தடிப்பு இருக்கட்டும். உட்துளை அடியில் 75, மேலே 80 மி.மீ. என்று மேல்நோக்கி அகலவேண்டும். மேல் அகலமாக இருந்தால் அடி முதலில் உறையும், மேல்பக்கம் திரவமாக நின்று கீழே ஊட்டும். கட்டியும் சுலபமாகக் கழன்று வரும். பழைய சிலிண்டர் லைனரை அப்படியே அச்சாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் சுவர் மெல்லியது, துளை நேர்த்துளை. நடுவில் ஓட்டை வருவதற்கு அதுவே காரணம். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயைப் பக்கத்திலேயே கொண்டுவரக்கூடாது.

அடியில் தடித்த இரும்புப் பிளேற் ஒன்று. அச்சை அதன்மேல் நிறுத்தி, வெளி விளிம்பில் களிமண் பூசி அடையுங்கள்.

மேலே தலை, அதாவது கட்டி சுருங்கும்போது ஊட்டத் திரவ உலோகம் நிற்கும் இடம். இது 80 மி.மீ. உயரமும் சராசரி 85 மி.மீ. அகலமும் உள்ள வளையம். இரும்பில் செய்யாதீர்கள், தலை கடைசியாக உறையவேண்டும். மாவலி கங்கை மணலைச் சலித்து, சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலைப் பிசைந்து, காபனீரொட்சைட்டு வாயு விட்டு இறுக்கினால் நல்ல வளையம் கிடைக்கும். பிறகு அதையும் அடுப்பில் உலர்த்தவேண்டும். பக்கத்தில் இருக்கிறதென்று கடற்கரை மணலை அள்ளாதீர்கள். உப்பு ஒரு பக்கம், சிப்பித்தூள் மறுபக்கம். சிப்பி சூட்டில் சிதைந்து வாயு விடும், அது நேரே கட்டிக்குள் போகும். புல்மோட்டையில் எடுக்கும் சிர்க்கன் வார்ப்பு வேலைக்கு அருமையான பொருள்தான். ஆனால் பிரித்து, அரைத்து வந்த சிர்க்கன் வேறு, கரையில் கிடக்கும் கறுப்பு மணல் வேறு.

கணக்கு: கட்டி ஏறக்குறைய 10 கிலோ, தலை 4 கிலோ. சோதனைக்கும் மேலே நிரப்பவும் 2 கிலோ சேர்த்து 16 கிலோ உருக்குங்கள். தலைக்கு 4 கிலோவா என்று முகம் சுளிப்பார்கள். அது எங்கும் போகாது, அடுத்த உருக்கலுக்கு அதுதான் சுத்தமான உலோகம்.

அச்சின் உட்புறம் கிறஃபைற் கரைசலை மெல்லியதாகப் பூசி, 120 முதல் 150 பாகை வரை சூடாக்குங்கள். குளிர்ந்த அச்சில் காற்றின் ஈரம் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படியும். தடிப்பாகப் பூசினாலும் உள்ளே ஈரம் தங்கும்.

5. உடுப்பும் தரையும்

சாரமும் செருப்பும் வேண்டாம். தடித்த பருத்தி உடுப்பு, தோல் சப்பாத்து, தோல் கையுறை, முகமூடிக் கண்ணாடி. நைலோன் உடுப்பு தோலோடு உருகி ஒட்டும். காற்சட்டையின் அடி சப்பாத்துக்கு வெளியே விழட்டும், உள்ளே செருகினால் சிந்தும் துளி சப்பாத்துக்குள் போகும்.

ஊற்றும் இடத்தில் சீமெந்துத் தரைமேல் உலர் மணலைக் கொட்டிப் பரப்புங்கள். உருகிய உலோகம் சீமெந்தில் விழுந்தால் அதிலுள்ள ஈரம் ஆவியாகித் தரை வெடித்துச் சிதறும். தண்ணீர் வாளி அந்தப் பக்கமே இருக்கக்கூடாது.

வெள்ளைப் புகை நாகப்புகை. அதைச் சுவாசித்தால் அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற கதையை விட்டுவிட்டு, காற்றுக்கு மேல்பக்கம் நில்லுங்கள். இந்தக் கலவையில் ஈயமும் உண்டு. கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், வேலை உடுப்பை வீட்டு உடுப்போடு துவைக்கப் போடாதீர்கள்.

6. உருக்குதல்

துண்டுகளை மூசைக்குள் இறுக்கி அடுக்காதீர்கள். உலோகம் சூட்டில் விரிந்து மூசையைப் பிளக்கும். தளர்வாகப் போட்டு, இறங்க இறங்கச் சேருங்கள்.

சுவாலையில் காற்று சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். கரும்புகையோடு மஞ்சளாக எரிந்தால் ஐதரசன் உள்ளே ஏறும். உருகிய செம்பில் ஒட்சிசன் கூடினால் ஐதரசன் குறையும், ஒட்சிசன் குறைந்தால் ஐதரசன் கூடும். ஆகவே உருகும் நேரம் முழுவதும் சிறிது ஒட்சிசன் இருக்கவிட்டு, கடைசி நிமிடத்தில் அதை எடுத்துவிடுவதே வழி. கரியால் மூடினால் இந்த ஒட்சிசன் போய்விடும். அதனால்தான் நான் மூடுவதில்லை. சிறிது உலோகம் கசடாகப் போகும், போகட்டும்.

வேகமாக உருக்குங்கள். 1180 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள். சூடு கூடினால் வாயு கூடும், நாகம் புகையாகும். நாகம் 907 பாகையிலேயே கொதித்துவிடும் உலோகம். உருகியபின் "தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று உலையை எரியவிட்டுப் போவது நான் அடிக்கடி காணும் பிழை. அச்சு, தலை, ஆட்கள் எல்லாம் தயாரான பிறகே உலையை மூட்டுங்கள். உலோகம் எதற்கும் காத்திருக்கக்கூடாது.

வெப்பத்தை முக்கிப் பார்க்கும் வெப்பமானியால் அளவுங்கள். தூர நின்று சுடும் வெப்பமானி மேல்படலத்தைத்தான் காணும், எண்ணைக் குறைத்துக் காட்டும்.

போன நாகத்துக்கு ஈடாகச் சிறிது நாகத்தைச் சூடாக்கி, குறட்டால் பிடித்து அடிவரை அமுக்குங்கள். மேலே எறிந்தால் அங்கேயே எரிந்துவிடும்.

7. சோதனைத் துண்டு

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். அரைக் கிலோவுக்கு ஐந்து நிமிடம். அதற்குப் பயந்து பத்துக் கிலோவை இழக்கிறார்கள்.

40 மி.மீ. அகலமும் 50 மி.மீ. ஆழமும் உள்ள, நன்றாக உலர்த்திய மணல் கிண்ணம் ஒன்றை முன்பே செய்து வையுங்கள். சூடான சிறு கரண்டியில் உலோகத்தை அள்ளி, ஒரு கிராம் பொசுபர் செம்பை (ஒட்சிசனை எடுக்கும், பொசுபரசு கலந்த செம்பு) போட்டுக் கலக்கி, கிண்ணத்தை நிரப்புங்கள். பொசுபர் செம்பு போடாமல் சோதித்தால் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்து நீராவியாகி மேலே தள்ளும், சோதனை பொய் சொல்லும்.

குனிந்து மேல்முகத்தையே பாருங்கள். முதலில் ஓரம் மங்கி இறுகும். நடுவில் சிறு வட்டம் மட்டும் பளபளப்பாக நிற்கும். அந்த வட்டம் மெல்லக் குழிந்து உள்ளே இறங்கினால் உலோகம் சுத்தம். தட்டையாகவே நின்றுவிட்டால் வாயு இருக்கிறது. கடைசி நேரத்தில் நடு உப்பி, தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு மொட்டு எழுந்தால் நிறைய இருக்கிறது. உப்பிய துண்டைப் பார்த்து "மேல நல்லா நிரம்பியிருக்கு அண்ணை" என்று மகிழும் தம்பிமாரைக் கண்டிருக்கிறேன். குழிவதுதான் நல்லது.

வாயு இருந்தால் இரண்டு வழி. குளிரூட்டி திருத்துபவர்களிடம் உலர் நைதரசன் சிலிண்டர் இருக்கும். றெகுலேற்றர் பூட்டி, சூடாக்கிய கிறஃபைற் குழாயை அடிவரை விட்டு, மேல்பரப்பு மெல்லக் கொதிக்கும் அளவுக்கு மட்டும் சில நிமிடம் விடுங்கள். குமிழிக்குள் ஐதரசன் ஏறி வெளியேறும். பிறகு மறுபடி சோதியுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் முழுவதையும் சிறு கட்டிகளாக ஊற்றி உறையவிட்டு, சரியான சுவாலையில் மீண்டும் உருக்குங்கள். உறையும்போது நிறைய வாயு போய்விடும்.

8. கடைசி மூன்று நிமிடம்

உலையை நிறுத்துங்கள். மூசையை வெளியே எடுங்கள். 15 சதவீதப் பொசுபர் செம்பு 30 கிராமை அடிவரை அமுக்கிக் கலக்குங்கள். கசடை வழியுங்கள். வெப்பத்தைப் பாருங்கள், 1130 முதல் 1150 பாகை வரை இருந்தால் ஊற்றுங்கள்.

பொசுபர் செம்பை உலைக்குள் இருக்கும்போதே போட்டால் ஒட்சிசன் போன இடத்தில் ஐதரசன் வந்து குந்திவிடும். கூடப் போட்டாலும் கேடுதான். உலோகம் தண்ணீர் மாதிரி ஓடும், மணலுக்குள் புகும், மணலில் மிச்சமிருக்கும் ஈரத்தோடு சேர்ந்து தோலுக்கடியில் ஊசித்துளை போடும். கைப்பிடியால் அள்ளிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள்.

9. ஊற்றுதல்

அச்சைச் சற்றுச் சாய்த்து வைத்துத் தொடங்குங்கள். மூசையின் வாய் அச்சின் வாயை ஏறக்குறையத் தொடட்டும். உயரத்திலிருந்து விழும் உலோகம் காற்றை இழுத்துக்கொண்டு போகும், தெறித்த துளிகள் சுவரில் உறைந்து மடிப்பாக நிற்கும். முதலில் மெல்லிய தாரை. அடியில் இரண்டு விரல் அளவு நிரம்பியதும் வேகத்தைக் கூட்டி, அச்சை மெல்ல நிமிர்த்திக்கொண்டே வாருங்கள். இதற்கு இரண்டாவது ஆள் கட்டாயம்.

தாரை அறுந்து அறுந்து விழக்கூடாது. அறுந்த இடத்தில் ஒரு படலம் உறையும், அடுத்த தாரை அதோடு சேராது.

தலைக்குள் ஏறியதும் வேகத்தைக் குறையுங்கள். கட்டி அடியிலிருந்து உறைந்துகொண்டு வர, மேலிருந்து ஊட்டம் இறங்க நேரம் கிடைக்கும்.

10. தலையைச் சூடாக வைத்திருத்தல்

நிரம்பிய உடனே மேலே உமிச்சாம்பலைத் தடிப்பாகக் கொட்டுங்கள். உருக்கு ஆலைகளிலும் உருகிய உருக்கின்மேல் வெப்பம் போகாமல் இதையே போடுகிறார்கள். தம்பலகாமம், கந்தளாய் நெல் ஆலைகளின் பக்கம் சாக்குக் கணக்கில் கிடைக்கும். அதையும் வறுத்து உலர்த்தியே போடவேண்டும்.

ஒன்றிரண்டு நிமிடத்தில் சாம்பல் நடுவில் குழியத் தொடங்கும். ஒதுக்கிவிட்டு, மூசையில் மிச்சம் வைத்த உலோகத்தை ஊற்றி நிரப்பி, மறுபடி மூடுங்கள். தலையை இரும்புக் கம்பியால் குத்தி "திறந்துவிடும்" பழக்கத்தை விடுங்கள். கம்பி தலையைக் குளிரவைக்கும், துருவையும் ஈரத்தையும் உள்ளே கொண்டுபோகும்.

ஈயம் கலந்த கலவை செஞ்சூட்டில் மாச்சில்லுப் போல உடையும். தட்டிக் கழற்ற அவசரப்படாதீர்கள். அச்சோடு 300 பாகைக்குக் கீழே வரட்டும்.

11. லேத்தில் ஏற்றுமுன் பார்க்கவேண்டியவை

தலையை வெட்டும்போது கட்டியிலிருந்தும் ஐந்து மி.மீ. சேர்த்து வெட்டுங்கள். வெட்டுமுகத்தை அரத்தால் சமன்செய்து, ஊடுருவு சாயம் (துளைக்குள் இறங்கி நிற்கும் சிவப்புச் சாயம்) தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தெளியுங்கள். நடுவில் சிவப்புப் புள்ளிகள் கூட்டமாக எழுந்தால் தலை சின்னது அல்லது முதலில் உறைந்துவிட்டது. வெட்டுமுகம் எங்கும் சிதறியிருந்தால் வாயு. ஓரத்தை ஒட்டி மட்டும் இருந்தால் அச்சின் பூச்சில் ஈரம்.

சோதனைத் துண்டைச் சம்மட்டியால் உடைத்து முறிவையும் பாருங்கள். ஒரே நிறமாக, நுண்ணிய மணியாக இருக்கவேண்டும். துருப்பிடித்த மாதிரிச் செம்மஞ்சள் திட்டுகள் இருந்தால் அந்த இடங்களில் பொடி ஓட்டை இருக்கிறது.

இனி அந்தத் தராசு. 9.70 கிலோக் கட்டி நீரில் 8.60 காட்டினால் குறைந்தது 1.10, அடர்த்தி 8.8. அதே கலவையில் நல்லதென்று தெரிந்த துண்டோடு ஒப்பிடுங்கள். 8.6க்குக் கீழே போனால் புஷ்ஷுக்குக் கடையாதீர்கள். நூலில் தொங்கும்போது கட்டியின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும், கையால் தடவிவிட்டு நிறுங்கள்.

வெட்டிய தலையை அடுத்த உருக்கலில் பாதியளவு வரை போடலாம். தலையின் மேல்முகத்தில் ஒட்டிய சாம்பலையும் வளையத்தின் மணலையும் கம்பித் தூரிகையால் உரித்த பிறகு போடுங்கள், அந்தத் துண்டில் எந்த உருக்கல், என்ன பொசுபர் போட்டது என்று உளியால் ஓர் எண் கொத்தி வையுங்கள்.